பேஸ் கிட்டாருக்குப் பொருந்தும் தந்தி: குறைந்த செலவில் எதை வாங்குவது?

தாராவியில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கத் தொடங்கியிருந்த தம்பி ஒருவர், சென்ற ஆண்டு மழைக்காலம் பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், புதிதாகத் தந்தி மாற்றிய கிட்டாருடன் சயானில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, நல்ல கம்பெனி ஸ்ட்ரிங்தான் வாங்கினேன், பாக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடல. ஆனா ஈ ஸ்ட்ரிங் மட்டும் மரக்கட்டைல அடிச்ச மாதிரி கேக்குது" என்று வருத்தப்பட்டார். பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். தந்தியின் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவருடைய கிட்டார், அதிரும் தந்தியின் நீளம் 30 அங்குலமாக உள்ள ஷார்ட் ஸ்கேல் வகை. எல்லா பேஸ் கிட்டாருக்கும் பொருந்தும் என்று சொல்லி இணையத்தில் அவருக்கு விற்கப்பட்டதோ 34 அங்குல லாங் ஸ்கேலுக்கான செட். மிஞ்சிய நீளத்தை வெட்டிவிட்டு, நான்கில் மிகத் தடித்ததான ஈ தந்தியின் தடித்த பகுதியையே, சுருதி சேர்க்கத் திருகும் டியூனிங் கீயின் தண்டில் வளைத்துச் சுற்றியிருந்தார். அந்த வளைவில் வெளிச்சுற்று உள்கம்பியை விட்டு விலகிவிட்டது. அப்படி விலகிய தந்தியில் ஒலி நிற்காது. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய செட் ஒரே ஒரு ஞாயிறு ஆராதனையைக்கூடத் தாண்டவில்லை.

குறைந்த செலவில் தந்தி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பிராண்டிலிருந்தே தொடங்குகிறார்கள். அதன் பிறகு விலையைப் பார்க்கிறார்கள். நீளத்தையும் தடிமனையும் மாட்டும்போதுதான் நினைத்துப் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் நீளம், அடுத்துத் தடிமன், அதன் பிறகு சுற்றின் வகை, கடைசியில் பிராண்டு. நீளம் தவறினால் எந்த பிராண்டும் கைகொடுக்காது; நீளமும் தடிமனும் சரியாக அமைந்துவிட்டால் எளிய செட்கூடப் பல மாதங்கள் நன்றாகவே ஒலிக்கும். குறைந்த செலவு என்று நான் இங்கே சொல்வது, ஒரு செட்டுக்கு 2,500 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ள விரும்புகிறவர்களின் கணக்கை.

நீளம்: முதல் முடிவு

ஸ்கேல் என்ற சொல் இங்கே ராகத்தின் ஏறுவரிசையைக் குறிக்கவில்லை. கழுத்தின் மேல்முனையில் தந்தி பதிந்து செல்லும் நட்டுக்கும், கீழே பிரிட்ஜில் தந்தி தங்கும் சேடிலுக்கும் இடையே அதிர்ந்து ஒலிக்கும் தந்தியின் நீளமே ஸ்கேல். வீணை பழகியவர்களுக்கு, பிரிட்ஜ் என்பது குதிரைக்கும் ஃப்ரெட்டுகள் மெட்டுகளுக்கும் இணையானவை என்று சொன்னால் உடனே விளங்கும். 1951இல் வெளிவந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் 34 அங்குல ஸ்கேலுடன் வந்தது. அதுவே இன்றுவரை லாங் ஸ்கேல் எனப்படும் பொது அளவு. இந்தியாவில் முதல் கிட்டாராகப் பலர் வாங்கும் யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனேஸ் ஜிஎஸ்ஆர் 200, ஸ்க்வையர் அஃபினிட்டி வரிசை ஆகியவை இந்த அளவைச் சேர்ந்தவை. ஹோஃப்னரின் வயலின் வடிவ பேஸ், 1966இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் பேஸ், ஸ்க்வையர் ப்ராங்கோ ஆகியவை 30 அங்குல ஷார்ட் ஸ்கேல். ஐபனேஸின் மைக்ரோ வகை இன்னும் சிறியது, 28.6 அங்குலம். இடையில் 32 அங்குல மீடியம் ஸ்கேலும், ஐந்து தந்தி பேஸ்கள் சிலவற்றில் 35 அங்குலமும் உண்டு.

உங்கள் கிட்டாரின் அளவு தெரியவில்லை என்றால் தையல்காரரின் இஞ்ச் டேப் ஒன்று போதும். நட்டின் விளிம்பிலிருந்து 12ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 17 அங்குலம் வந்தால் லாங் ஸ்கேல்; 15 வந்தால் ஷார்ட் ஸ்கேல். பிரிட்ஜ் வரை நேரடியாக அளந்தால், சுருதி ஒழுங்குக்காகச் சேடில்கள் முன்னும் பின்னுமாக நகர்த்தப்பட்டிருப்பதால், கால் அங்குலம் வரை வேறுபாடு வந்து குழப்பும்.

ஸ்கேலை அறிந்த பின்பும் ஒரு வேலை மிஞ்சுகிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். தந்திக்குப் பொருத்தமான நீளம் ஸ்கேலை மட்டும் சார்ந்ததன்று. தந்தியின் அடியில் உள்ள பித்தளைப் பந்து பிரிட்ஜில் எங்கே உட்காருகிறதோ அங்கிருந்து நட் வரை உள்ள தூரம் ஓர் அளவு. நட்டிலிருந்து டியூனிங் கீயின் தண்டு வரை உள்ள தூரம் இன்னோர் அளவு. தந்தியின் முழுத் தடிமன் நட்டைக் கடந்த பிறகு முடிய வேண்டும். தண்டைச் சுற்றுவதற்கு முன் மெலியத் தொடங்க வேண்டும். நான்கு கீகளும் ஒரே பக்கம் வரிசையாக உள்ள ஃபெண்டர் வடிவத் தலையில் ஈ தந்தியின் தண்டே நட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. தடித்த தந்திக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு என்பதால், சிக்கல் எப்போதும் ஈ தந்தியில்தான் முதலில் தெரியும்.

என் 34 அங்குலக் கிட்டாரில் பந்திலிருந்து நட் வரை ஏறத்தாழ 35 1/4 அங்குலம். நட்டிலிருந்து ஈ தண்டு வரை 1 3/4 அங்குலம். ஆகவே எனக்கு வேண்டிய ஈ தந்தியின் தடித்த சுற்று 35 1/4 அங்குலத்தைத் தாண்டியும் 37 அங்குலத்துக்குள்ளும் முடிய வேண்டும். 30 அங்குலக் கிட்டாரில் இதே கணக்கு 31 1/4 முதல் 33 வரை என்று வரும். லாங் ஸ்கேல் செட்டை அதில் மாட்டினால் மூன்று அங்குலத்துக்கு மேல் தடித்த சுற்று தண்டுக்கு அப்பால் நீண்டு நிற்கும். 2.5 மில்லிமீட்டருக்கும் தடித்த எஃகுச் சுருளை விரல் பருமன்கூட இல்லாத தண்டில் வளைத்தால் என்ன ஆகும் என்பதைத் தம்பியின் கிட்டார் காட்டிவிட்டது. மெல்லிய ஜி, டி தந்திகளை இவ்விதம் வெட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பல நேரங்களில் பலிக்கவும் செய்கிறது. ஏ, ஈ தந்திகளில் அந்தத் துணிச்சலை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எதிர்த்திசைத் தவறு இன்னும் மோசமானது. ஷார்ட் ஸ்கேல் தந்தியை 34 அங்குலக் கிட்டாரில் மாட்டினால், மெலிந்த பகுதி நட்டுக்கு உட்புறமே வந்துவிடும்; சில நேரம் தண்டைத் தொடவே தொடாது. முனையில் வண்ணநூல் சுற்றிய தந்திகளிலும் இதே விதிதான்: நூல் சுற்றிய பகுதி நட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், நட்டின் மேலோ ஃப்ரெட்டுகளின் மேலோ கிடக்கக் கூடாது. உடலின் பின்புறத்திலிருந்து தந்தியைக் கோத்தெடுக்கும் அமைப்புள்ள கிட்டார் என்றால், மரத்தின் கனத்துக்காகக் கூடுதல் நீளம் தேவைப்படும். பிரிட்ஜ் வழியாகவும் கோக்க வசதி இருந்தால், செலவைக் குறைக்க விரும்புகிறவர் அந்த வழியையே பின்பற்றலாம். சாதாரண லாங் ஸ்கேல் செட் போதும்.

டடாரியோ நிறுவனம் இந்த வேறுபாட்டைத் தன் எண்களிலேயே குறித்துவிடுகிறது. இஎக்ஸ்எல் 170 என்று மட்டும் இருந்தால் லாங் ஸ்கேல். கடைசியில் எஸ் இருந்தால் ஷார்ட், எம் இருந்தால் மீடியம், எஸ்எல் இருந்தால் சூப்பர் லாங். ஓரிரு எழுத்துதான் வேறுபாடு. இணையத்தில் வாங்கும்போது படத்தில் உள்ள உறையையும் விவரத்தில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, ஷார்ட் ஸ்கேல் வைத்திருப்பவர்களுக்கு மிகவும் அவசியம். வாய்ப்பு இருந்தால் தென் மும்பையின் தோபி தலாவில் 1865 முதல் இயங்கிவரும் ஃபர்ட்டாடோஸ் போன்ற கடைக்கு நேரில் சென்று, உறையைக் கையில் எடுத்துப் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது. சயானிலிருந்து ரயில் செலவு எவ்வளவு ஆகிவிடப் போகிறது!

தடிமன்: கையும் நட்டும் தாங்கும் அளவு

தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறிப்பது உலக வழக்கம். கேஜ் 45 என்றால் 0.045 அங்குலம், அதாவது 1.14 மில்லிமீட்டர்; 100 என்றால் 2.54 மில்லிமீட்டர். நான்கு தந்தி செட்டைப் பெரும்பாலும் ஜி, ஈ தந்திகளின் எண்களைச் சொல்லியே அழைப்பார்கள்: 40-95, 45-100, 45-105, 50-105.

இவற்றில் எது வேண்டும் என்ற கேள்விக்கு முதல் விடை கிட்டாரின் நட்டிலேயே இருக்கிறது. நட்டில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்கள் தொழிற்சாலையில் மாட்டிய தந்தியின் தடிமனுக்கு ஏற்றவை. 100க்கு வெட்டிய பள்ளத்தில் 105ஐ வைத்தால் வேறுபாடு 0.13 மில்லிமீட்டருக்கும் குறைவுதான். பல கிட்டார்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். 110க்குத் தாவினால் தந்தி பள்ளத்தின் அடியில் உட்காராமல் மேலே தொங்கும். முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது சுருதி ஏறிவிடும். பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்தலாம் என்றாலும், ஒருமுறை அகலப்படுத்திய பள்ளத்தில் பிறகு மெல்லிய தந்தி ஆடும், கிர்ரென்று இரையும். வேலைக்காரரின் கூலியையும் சேர்த்துப் பார்த்தால், குறைந்த செலவு என்ற நோக்கமே அடிபட்டுப் போகிறது. எனவே இப்போது மாட்டியுள்ள தந்தியின் தடிமனை அறிந்து, அதிலிருந்து ஒரு படிக்கு மேல் விலகாமல் வாங்குவதே சிக்கனமான வழி.

இரண்டாவது விடை இழுவிசையில் இருக்கிறது. ஒரே சுருதியில் நிற்கும் தந்தியின் இழுவிசை, நீளத்தின் இருபடிக்கும் ஓர் அங்குலத் தந்தியின் எடைக்கும் ஏற்ப உயரும். இதன் பொருளைச் சில எண்களால் விளக்குகிறேன். 34 அங்குலத்தில் மாட்டிய அதே தடிமனை 30 அங்குலத்தில் மாட்டினால் இழுவிசை ஏறத்தாழ 22 சதவீதம் குறையும், 28.6 அங்குலத்தில் 29 சதவீதம் குறையும். ஷார்ட் ஸ்கேல் கிட்டாரில் ஈ தந்தி தளர்ந்து, ஃப்ரெட்டுகளில் மோதி இரைவதற்கு இதுவே காரணம். ஷார்ட் ஸ்கேல் சிறு கைகளுக்கானது, ஆகவே மெல்லிய தந்திதான் ஏற்றது என்று நினைத்து 40-95 வாங்குகிறவர்கள் இரண்டு தளர்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே 50-105 தான் பொருத்தமானது. நீளக் குறைவால் விட்டுப்போன இழுவிசையில் ஒரு பகுதியை அந்தத் தடிமன் மீட்டுத் தருகிறது. அப்போதும் லாங் ஸ்கேலில் உள்ள 45-100ஐவிட விரலுக்கு இலகுவாகவே இருக்கும்.

மெல்லிசைக் குழுக்களில் வாசிப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பாடுபவரின் சுருதிக்காக எல்லாத் தந்திகளையும் அரைக்கட்டை இறக்கி வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அரைக்கட்டை இறக்கினால் இழுவிசை 11 சதவீதம் அளவுக்குக் குறையும். 100க்குப் பதில் 105 மாட்டினால் எடை ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஆகவே நிலையாக அரைக்கட்டை இறக்கி வாசிப்பவர் 45-105 செட்டை வாங்கினால், ஈ தந்தியில் சாதாரணச் சுருதியில் 100 தரும் அதே உணர்வு விரலுக்குக் கிடைத்துவிடும். எர்னி பாலின் ஹைப்ரிட் ஸ்லிங்கி 45-65-85-105 என்ற அமைப்பில் வருகிறது; டடாரியோவில் இதற்கு இணையானது இஎக்ஸ்எல் 165. இரண்டுக்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டிவந்தால், அன்றைக்கு எது விலை குறைவோ அதையே வாங்குவேன்.

இழுவிசையை மாற்றினால் கிட்டாரின் கழுத்தும் மாறும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான்கு தந்திகளும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ அளவுக்குக் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன், உருண்டைக் கம்பியால் சுற்றிய 45-100 ரவுண்ட்வவுண்டைக் கழற்றிவிட்டு, தட்டை நாடாவால் சுற்றிய 50-105 ஃப்ளாட்வவுண்டை மாட்டி, வேறு எதையும் சரிசெய்யாமல் அன்று மாலையே செம்பூரில் ஒரு திருமண நிகழ்ச்சிக்கு எடுத்துச் சென்றேன். கழுத்து முன்வளைந்து தந்திகள் உயர்ந்துவிட்டன. நான்கு மணி நேரம் வாசித்து முடித்தபோது இடது கையின் கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது. கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்ய உள்ள ட்ரஸ் ராட் என்ற கம்பியைக் கால் திருப்பு முறுக்கியிருந்தால் போதும். அடுத்த நாள் அதைத்தான் செய்தேன்.

ஐந்து தந்தி பேஸ் வைத்திருப்பவர்கள், ஈயைவிடத் தடித்த ஐந்தாவது தந்தியான பி தந்தியை மட்டும் கவனித்தால் போதும். பெரும்பாலான செட்டுகளில் அது 130. இதைவிட மிகவும் மெல்லியதை 34 அங்குலக் கிட்டாரில் மாட்டினால் தந்தி தளர்ந்து நிற்கும்.

சுற்று: நிக்கலா, எஃகா, தட்டைச் சுற்றா

நீளமும் தடிமனும் முடிவான பிறகே ஒலியைப் பற்றிப் பேச வேண்டும். இங்கே உண்மையான போட்டி மூன்று வகைகளுக்கு இடையில்தான்.

நிக்கல் முலாம் பூசிய எஃகு ரவுண்ட்வவுண்ட் மிகப் பரவலானது. டடாரியோவின் எக்ஸ்எல் வரிசை, எர்னி பாலின் ஸ்லிங்கி, ஜிஎச்எஸ்ஸின் பேஸ் பூமர்ஸ், ஃபெண்டர் 7250 ஆகியவை இந்த வகை. புதிதில் பளிச்சென்று ஒலிக்கும். இரண்டு மூன்று வாரங்களில் கூர்மை தணிந்து நடுத்தரமான ஒலிக்கு வந்து, அந்த நிலையிலேயே நீண்ட காலம் நிற்கும். இளையராஜா காலத்துப் பாடல்களில் பேஸ் வரி பின்னால் நின்று தாளத்தை மட்டும் தாங்கிக்கொண்டிருப்பதில்லை; இரண்டாவது குரல்போல மேலும் கீழும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்க வேண்டும், ஆனால் உலோகச் சத்தம் முந்திக்கொள்ளக் கூடாது. சற்றே பழகிய நிக்கல் தந்தி இதற்கு மிகவும் ஏற்றது என்று பல மேடைகளுக்குப் பிறகும் சொல்வேன்.

துருப்பிடிக்காத எஃகினால் சுற்றிய ரவுண்ட்வவுண்ட் அதைவிடக் கூர்மையானது. 1960களில் தி ஹூ ராக் குழுவின் ஜான் என்ட்விசிலின் வாசிப்போடு புகழ்பெற்ற ரோட்டோசவுண்ட் ஸ்விங் பேஸ் 66 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கட்டைவிரலால் தந்தியை அடித்து ஸ்லாப் வாசிப்பவர்களுக்கும் கனத்த ராக் வாசிப்பவர்களுக்கும் அந்தப் பளபளப்பு தேவைப்படலாம். ஆனால் அது விரலுக்குச் சொரசொரப்பானது. சாதாரண ஃப்ரெட்டுகளில் உள்ள மென்மையான உலோகத்தை நிக்கலைவிட விரைவாகத் தேய்க்கும். ஃப்ரெட் மாற்றும் செலவு பல தந்தி செட்டுகளின் விலைக்கு நிகரானது. விலை உயராத ஒரு கிட்டாரில், அந்தக் கூர்மை உண்மையிலேயே தேவைப்படாதபோது, எஃகைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாவது, தட்டையான நாடாவால் சுற்றிய ஃப்ளாட்வவுண்ட். பேஸ் கிட்டாரின் தொடக்க காலத்தில் இதுவே வழக்கமான தந்தி. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தடித்த லா பெல்லா ஃப்ளாட்வவுண்டுகளைப் பயன்படுத்தினார். அறுந்தாலொழிய அவர் தந்தி மாற்றுவதில்லை என்பது பேஸ் வாசிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. தட்டைச் சுற்றில் விரல் வழுக்கிச் செல்லும், உரசல் ஒலி கேட்காது, ஒலி உருண்டு திரண்டு வரும். கீர்த்தனைகளுக்கும் பஜனைகளுக்கும் இதைவிடப் பொருத்தமான ஒலி இல்லை என்பது என் எண்ணம். ஃப்ரெட் இல்லாத பேஸ் வைத்திருப்பவர்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமே அன்று. ரவுண்ட்வவுண்டின் வரிகள் விரல்பலகையை அரித்துவிடும் என்பதால் தட்டைச் சுற்றே பாதுகாப்பானது.

ஃப்ளாட்வவுண்டின் விலை பெரும்பாலும் நிக்கலைப்போல இருமடங்கை ஒட்டி நிற்கும். நான் வகுத்த 2,500 ரூபாய் எல்லைக்குள் அடங்காது. அப்படியிருந்தும் அதைக் குறைந்த செலவுப் பட்டியலில் சேர்க்கிறேன். அதற்குக் காரணம் மும்பையின் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த நகரத்தில் காயப்போட்ட துணியே காய்வதில்லை. விரலின் வியர்வையும் காற்றின் ஈரமும் சேர்ந்து ரவுண்ட்வவுண்டின் பள்ளங்களில் அழுக்காகப் படிகின்றன. படிந்த அழுக்கு தந்தியின் அதிர்வை அடக்கிவிடுகிறது. நாம் தந்தி செத்துவிட்டது என்கிறோம். தட்டைச் சுற்றில் அழுக்கு தங்குவதற்குப் பள்ளமே இல்லை. என் கையில் நிக்கல் செட் ஒன்று சராசரியாக நான்கு மாதம் தாங்குகிறது. 2,200 ரூபாய் என்று வைத்தால் மாதத்துக்கு 550 ரூபாய். 4,500 ரூபாய்க்கு வாங்கிய ஃப்ளாட்வவுண்ட் செட் மூன்று ஆண்டு ஓடினால் மாதத்துக்கு 125 ரூபாய்தான் ஆகிறது. என் செட் மூன்றாம் ஆண்டில் இருக்கிறது, மாற்றும் எண்ணம் இன்னும் வரவில்லை. ஒரே முறையில் அவ்வளவு தொகையைப் புரட்ட முடியாதவர்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது என்பதை அறிவேன். அவர்கள் நிக்கலோடு தொடங்கட்டும்.

பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய எலிக்சர் போன்ற தந்திகளும் ஈரத்தைத் தாங்கும். ஆனால் அவற்றின் விலைக்கு ஃப்ளாட்வவுண்டே வாங்கிவிடலாம் என்பதால் இந்த ஒப்பீட்டில் அவற்றுக்கு அதிக இடம் தரவில்லை. கருப்பு நைலான் நாடா சுற்றிய தந்திகளின் இழுவிசை குறைவு, ஒலி மென்மை; தடிமன் கூடுதலாக வருவதுண்டு என்பதால் நட்டை அளக்காமல் வாங்கக் கூடாது. அகூஸ்டிக் பேஸுக்கான வெண்கலத் தந்தியை எலக்ட்ரிக் பேஸில் மாட்ட வேண்டாம். காந்த பிக்கப் இரும்பின் அசைவைத்தான் உணரும். வெண்கலச் சுற்றை அது உணராது.

மிக மலிவான செட்டுகள்

பெயர் தெரியாத, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் செட்டுகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அவற்றை மொத்தமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கையில் காசு இல்லாத நாட்களில் நானும் அவற்றில்தான் பழகினேன். அவற்றின் குறை ஒலியின் இனிமையில் இருப்பதைவிடச் சீரின்மையில்தான் இருக்கிறது. சுற்றின் தடிமன் நீளம் முழுக்க ஒரே அளவாக இல்லாவிட்டால், வெற்றுத் தந்தி சுருதியில் நின்றாலும் 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தும்போது விலகும்; சேடிலை எவ்வளவு நகர்த்தினாலும் இணங்காது. இதைக் காதால் பிரித்தறியத் தெரியாத புதியவர்கள் தங்கள் கையின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் காட்சி. வீட்டில் பழகுவதற்கு மட்டும் என்றால் அவற்றை வாங்கலாம். மற்ற கருவிகளோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்றால், இரண்டு மாதம் சேமித்தாவது அறியப்பட்ட நிக்கல் செட்டை வாங்குவதே நல்லது.

மலிவு விலையில் புகழ்பெற்ற பெயர் கிடைக்கும்போது இன்னோர் எச்சரிக்கை தேவை. டடாரியோ தந்திகளுக்குப் போலிகள் உண்டு. சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் அச்சின் தெளிவையும் உறையின் ஒட்டலையும் நன்றாகப் பாருங்கள். உண்மையாகவே மிச்சம் பிடிக்க விரும்பினால், இஎக்ஸ்எல் 170இல் இரண்டு செட் சேர்த்து வரும் இரட்டைப் பொதி இருக்கிறது. நண்பர் ஒருவருடன் பகிர்ந்துகொள்ளலாம்.

யாருக்கு எது

34 அங்குல நான்கு தந்தி பேஸ், சாதாரணச் சுருதி, எல்லா வகைப் பாடல்களும் என்றால் 45-100 நிக்கல்: இஎக்ஸ்எல் 170 அல்லது எர்னி பால் சூப்பர் ஸ்லிங்கி. கையில் வலு குறைவு, அல்லது விரல் இன்னும் பழகவில்லை என்றால் 40-95. டடாரியோவில் அது இஎக்ஸ்எல் 220. அரைக்கட்டை இறக்கி வாசிப்பவர்களுக்கு 45-105. ஆலயத்திலும் பஜனையிலும் மட்டுமே வாசிப்பவர், இன்னும் சில ஆண்டுகளுக்குத் தந்தியைப் பற்றி நினைக்கவே விரும்பாதவர், டடாரியோ குரோம்ஸ் 45-100 ஃப்ளாட்வவுண்டுக்குப் பணம் சேர்க்கலாம். ஃப்ளாட்வவுண்டுகளில் அது சற்றுத் தெளிவாக ஒலிக்கும் வகை. 30 அங்குலக் கிட்டாருக்கு 50-105 ஷார்ட் ஸ்கேல் நிக்கல், அதாவது இஎக்ஸ்எல் 160 எஸ்; அது கிடைக்காதபோது இஎக்ஸ்எல் 170 எஸ். 28.6 அங்குல மைக்ரோவுக்கும் ஷார்ட் ஸ்கேல் செட்டுகளே, ஆனால் பந்திலிருந்து நட் வரை அளந்து பார்த்த பிறகு.

மாட்டும்போது செய்யக் கூடாதவை சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சரியான தந்தியும் தவறான கையில் வீணாகும். தந்தியைத் தண்டுக்கு அப்பால் நான்கைந்து அங்குலம் விட்டு, முதலில் செங்குத்தாக மடித்து, அதன் பிறகே வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால், உருண்டை உள்கம்பி கொண்ட தந்திகளில் வெளிச்சுற்று நழுவிவிடும். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் கழுத்தின் வளைவு குலையாது. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் தந்தியின் மேலும் அடியிலும் துடைத்துவிடுங்கள்; மழைக்காலத்தில் உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். செத்துப்போன ரவுண்ட்வவுண்டைப் பத்து நிமிடம் கொதிநீரில் இட்டு, முற்றிலும் உலர்த்தி மீண்டும் மாட்டினால் சில வாரங்களுக்கு உயிர் வரும். அந்த உயிர் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போகும். நூல் சுற்றிய ஃப்ளாட்வவுண்டில் இதைச் செய்யக் கூடாது.

தம்பிக்கு அன்று இஎக்ஸ்எல் 160 எஸ் வாங்கச் சொன்னேன். தோபி தலாவுக்குச் சேர்ந்தே போனோம். வீட்டுக்கு வந்து அவரையே மாட்டச் சொல்லி அருகில் உட்கார்ந்திருந்தேன். தடித்த சுற்று நட்டைக் கடந்து முக்கால் அங்குலத்தில் மெலிந்து, தண்டில் இரண்டரைச் சுற்றாக அழகாக உட்கார்ந்தது. இப்போது அடுத்ததாக ஷார்ட் ஸ்கேல் ஃப்ளாட்வவுண்டுக்குப் பணம் சேர்க்கிறார். போன வாரம் அவரே அளந்து எனக்கு எழுதி அனுப்பியிருந்தார்: பந்திலிருந்து நட் வரை 31 1/4 அங்குலம், நட்டிலிருந்து ஈ தண்டு வரை 1 3/4.